பழைய மாடல் விமான எஞ்சின்களுக்கு சைலன்சர் தேடுவது எப்படி?

சிறகன்

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா காலமான பிறகு அவருடைய மரப்பெட்டி என் கைக்கு வந்தது. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய மூன்று எஞ்சின்கள். ஒன்று ஃபாக்ஸ் 35. இன்னொன்று சைட்டோ நான்கு ஸ்ட்ரோக். மூன்றாவது எது என்றே தெரியவில்லை. பக்கவாட்டில் இருந்த எழுத்தை யாரோ அரம் போட்டு எடுத்திருக்கிறார்கள், ‘40’ என்ற எண் மட்டும் மிச்சம். கையால் சுற்றினால் மூன்றிலும் அழுத்தம் நன்றாக இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் ஒன்றுக்குக்கூட சைலன்சர் இல்லை. சைட்டோவின் புகைக்குழாய் பாதியில் உடைந்து கிடக்கிறது. ஒரு மாதமாகத் தேடுகிறேன். எஞ்சின் பெயரைப் போட்டுத் தேடினால் எஞ்சின்தான் வருகிறதே தவிர சைலன்சர் வரவில்லை. பெயரே தெரியாத அந்த 40க்கு எதைப் போட்டுத் தேடுவது? அவர் ஓட்டிய எஞ்சின்கள் திரும்பவும் ஓட வேண்டும். அலமாரியில் வைத்துப் பார்க்க எனக்கு மனசில்லை.

ஊசிவால்வு

தம்பி, முதலில் எஞ்சின் பெயரை மறந்துவிடுங்கள். சைலன்சருக்கு எஞ்சினின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் புகைவாயின் அளவும்தான். நாற்பது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

வெர்னியர் அளவுகோல் எடுங்கள். புகைவாயின் இரு பக்கமும் உள்ள திருகு துளைகளை அளக்க வேண்டும். மையத்திலிருந்து மையத்துக்கு நேரடியாக அளக்க முயன்றால் கண் ஏமாற்றும். அதனால் துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு ஒரு அளவு, உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு ஒரு அளவு எடுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத்தூரம். அப்புறம் புகைவாயின் அகலம், உயரம், திருகின் மரை அளவு. துளை எஞ்சினில் மரை போட்டதா, அல்லது நீளத் திருகு சைலன்சரைத் தாண்டி வந்து பிடிக்கும் வகையா என்றும் பாருங்கள்.

இந்த நான்கு அளவும் கையில் இருந்தால் உலகத்தில் யாரிடமும் கேட்கலாம்.

பால்சா தூசி

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்குக் கரியை விரலில் தொட்டு புகைவாய் முகப்பில் லேசாகத் தடவி, ஒரு வெள்ளை அட்டையை அதன் மேல் அழுத்துங்கள். வாயும் துளைகளும் அப்படியே அச்சாக விழும். அந்த அட்டையை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டால், பழைய பொருட்களைப் பரப்பி விற்கும் எந்த இடத்திலும் சைலன்சரின் முகத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். படம் போட்டு விற்பவரிடம், துளைகளுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள்.

சிறகன்

அந்த 40ஐ அளந்துவிட்டேன். வெளி விளிம்பு 41.8 மி.மீ., உள் விளிம்பு 36.6. ஆக மையத்தூரம் 39.2. மரை எஞ்சினிலேயே இருக்கிறது, மூன்று மி.மீ. திருகு கையாலேயே சுலபமாக இறங்குகிறது. இனி எங்கே தேடுவது?

ஊசிவால்வு

‘40 சைலன்சர்’ என்று தேடாமல் ‘40 முதல் 46 வரை’ என்று தேடுங்கள். இந்த எண்கள் எஞ்சின் கொள்ளளவு, 40 என்றால் 0.40 கன அங்குலம். விற்கிறவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஓ.எஸ். என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சைலன்சர்களின் உடம்பில் எண் வார்த்திருக்கும். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் எஞ்சின் பெயரைவிடச் சீக்கிரம் கிடைக்கும். எஞ்சினோடு வந்த பழைய துண்டுப் பிரசுரம் கிடைத்தால் அதில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் படமும் ஒவ்வொன்றின் எண்ணும் இருக்கும். ஏ.எஸ்.பி., எஸ்.சி., மேக்னம் என்ற பெயர்களில் வந்த சீன எஞ்சின்கள் பெரும்பாலும் ஓ.எஸ். அமைப்பை ஒட்டிச் செய்யப்பட்டவை. அவற்றின் சைலன்சர் பல இடங்களில் பொருந்தும். ஆனாலும் அளவு பார்க்காமல் வாங்காதீர்கள்.

எஞ்சின் செய்தவர்கள் அல்லாத வேறு நிறுவனங்கள் செய்த சைலன்சர்களில் பிஸ்ஸன், ஸ்லிம்லைன், மேக்ஸ் என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். பிட்ஸ் வகை, அதாவது எஞ்சின் மூடிக்குள் அடங்கி இரண்டு குழாய் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வகை, அவர்களிடம் நிறைய வந்தது.

இன்னொரு வழி இருக்கிறது. கிராங்க் (சுழல்தண்டு) உடைந்த, பிஸ்டன் தேய்ந்த எஞ்சின்களை யாரும் வாங்கமாட்டார்கள். அவற்றோடு சைலன்சர் ஒட்டிக்கொண்டிருக்கும். என் அலமாரியில் இருக்கும் சைலன்சர்களில் பாதி அப்படி வந்தவைதான்.

கன்ட்ரோல்லைன்

ஃபாக்ஸ் 35 பற்றி யாரும் பேசவில்லையே. அது 1940களின் இறுதியில் பிறந்த எஞ்சின். 60களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான எஞ்சின்கள் சைலன்சர் இல்லாமலேதான் விற்கப்பட்டன. அதனால் புகைவாயில் திருகு போட இடமே வைக்கவில்லை. அதற்குப் பட்டை வைத்துக் கட்டும் சைலன்சர்தான் வழி. எஞ்சின் உடம்பைச் சுற்றி ஒரு எஃகுப் பட்டை, இரு முனையிலும் திருகு, அது சைலன்சரைப் புகைவாயோடு இழுத்துப் பிடிக்கும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய எஞ்சின்களின் சிலிண்டர் சுவர் மெல்லியது. பட்டையை இறுக்கினால் சிலிண்டர் நெளியும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. பட்டை மாட்டும் முன் ஒரு துளி எண்ணெய் விட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, அந்த வழுவழுப்பை விரல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரைத் திருப்புக்கும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது பிடிக்கிற மாதிரி தோன்றினால் உடனே தளர்த்திவிடுங்கள். ஓடிச் சூடானதும் அந்தப் பிடிப்பு பெரிதாகி பிஸ்டனைக் கீறிவிடும். என்னுடைய ஒரு நல்ல எஞ்சின் அப்படித்தான் போனது. முதல் ஓட்டத்திலேயே சத்தம் மாறி நின்றுவிட்டது, கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் வெள்ளிக் கோடுகள்.

மேகக்கூட்டம்

ஃபாக்ஸுக்கு சைலன்சர் எதற்கு? அது அப்படியே ஓடத்தான் செய்யப்பட்டது. மாட்டினால் சுழற்சி குறையும், சூடேறும். திறந்த வாயோடு ஓட்டுங்கள், அந்தச் சத்தம்தான் அந்த எஞ்சின்.

ஊசிவால்வு

நண்பரே, அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பறக்க இடம் வேண்டுமே. பக்கத்தில் குடியிருப்பவர்களின் சத்தப் புகாரால் மைதானத்தை இழந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் திறந்த வாயோடு ஓட்டினார், நாற்பது பேர் பறக்கும் இடத்தை இழந்தார்கள். பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது என்றால் அதைப் பறக்கவிடும் இடத்தையும் காப்பாற்றுவது என்றே நான் நினைக்கிறேன்.

சுழற்சி குறையும் என்பது உண்மைதான். அதை எப்படிக் குறைவாக இழப்பது என்று பார்க்கலாம். சைலன்சர் அறையின் கொள்ளளவு எஞ்சின் கொள்ளளவைப் போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும். 35 என்றால் கன அங்குலத்தில் 0.35, அதாவது சுமார் 5.7 சி.சி. அதற்கு 57 சி.சி.க்குக் குறையாத அறை. சின்ன டப்பாவை மாட்டிவிட்டு எஞ்சின் சூடாகிறது என்று எஞ்சினைத் திட்டுகிறோம்.

மேகக்கூட்டம்

இடம் போவது பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான், அதை நான் யோசிக்கவில்லை. கொள்ளளவை எப்படி அளப்பது? உள்ளே தடுப்பெல்லாம் இருக்கிறதே.

ஊசிவால்வு

சுலபம். புகைவாய்ப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, புகை வெளியேறும் வால் துளையையும் டாங்குக்குப் போகும் அழுத்தக் குழாய்த் துளையையும் விரலால் அடைத்து, ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை சி.சி. போனதோ அதுதான். பிறகு நன்றாக உலர்த்திவிடுங்கள்.

லேத் பட்டறை

தாமதமாக வருகிறேன். பெயர் தெரியாத 40க்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் செய்துவிடலாம். இதே மாதிரி ஒரு 6.5 சி.சி. எஞ்சினுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

அலுமினிய உருளையை உள்விட்டம் 34 மி.மீ., உள்நீளம் 80 மி.மீ. வரும்படி கடைந்தேன். கொள்ளளவு 72 சி.சி. சொச்சம், எஞ்சினைப் போல் பதினோரு மடங்கு. சுவர் 1.5 மி.மீ. இரு முனைக்கும் மூடி, நடுவே நீளத் திருகு ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. எஞ்சினோடு சேரும் முகப்பைத் தனிக் கட்டையில் செதுக்கி உருளையோடு பொருத்தினேன். வால் துளையை முதலில் 7 மி.மீ. வைத்தேன். எஞ்சின் மூச்சுத் திணறியது. 8 ஆக்கியதும் சரியாகிவிட்டது. துளையைப் பெரிதாக்குவது எளிது, பெரிதாக்கிய துளையைச் சின்னதாக்க முடியாது. சிறிதாகத் தொடங்குங்கள்.

லேத் இல்லாதவர்களுக்கு இடைத்தகடு. கையில் வேறு மையத்தூரம் கொண்ட சைலன்சர் இருக்கிறது என்று வையுங்கள். 6 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை எஞ்சினில் திருகி, அந்தத் தகட்டில் சைலன்சருக்கு வேறு மரை போட வேண்டும். எஞ்சினில் பிடிக்கும் திருகின் தலை தகட்டுக்குள் முழுதாகப் புதைய வேண்டும், இல்லையென்றால் சைலன்சர் உட்காராது. இரண்டு மையத்தூரமும் நான்கைந்து மி.மீ. மட்டுமே வித்தியாசம் என்றால் துளைகள் ஒன்றோடொன்று இடிக்கும். அப்போது சைலன்சரை ஒரு 6 மி.மீ. கீழே இறக்கித் துளை போடுங்கள், புகை போகும் வழியை உள்ளே சாய்வாக அரத்தால் வழித்துவிடுங்கள். வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் என்றால் தகடே வேண்டாம், சைலன்சரின் துளையை நீள்வட்டமாக அராவினால் போதும்.

பட்டம்

3டி பிரிண்டரில் அடித்துவிட முடியாதா?

லேத் பட்டறை

பிளாஸ்டிக் தாங்காது, முதல் நிமிடத்திலேயே உருகும். ஆனால் அளவு சரியா, எஞ்சின் மூடியில் இடிக்கிறதா என்று பார்க்க பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி அடித்துப் பார்ப்பது மிக நல்ல பழக்கம். மணல் வார்ப்புக்கு அச்சாகவும் வைத்துக்கொள்ளலாம். நான் இப்போது உலோகத்தைத் தொடும் முன் எதையும் பிளாஸ்டிக்கில் ஒருமுறை மாட்டிப் பார்க்கிறேன்.

வால்வு இடைவெளி

சைட்டோ பற்றி நான் சொல்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகைக்குழாய் சிலிண்டர் தலையில் மரையோடு இறங்கும், வெளியே ஒரு நட் இறுக்கிப் பிடிக்கும். அந்த மரை நெருக்கமான பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி) கொண்டது, கடையில் கிடைக்கும் சாதாரண மரை அல்ல. அதனால் வெளிவிட்டத்தை மட்டும் பார்த்து எதையாவது முறுக்கி ஏற்றாதீர்கள். பிட்ச் கேஜ் வைத்து மரையைப் பாருங்கள். சிலிண்டர் தலையின் மரை போனால் எஞ்சினே போன மாதிரி.

உடைந்த மிச்சம் உள்ளேயே இருக்கிறதா? இருந்தால் அவசரப்பட்டு இடுக்கி போடாதீர்கள். ஹீட் கன்னால் தலையைச் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்துவிட்டு மறுபடி சூடாக்கினால் பெரும்பாலும் வந்துவிடும்.

குழாயை நீங்களே வளைக்க வேண்டியிருந்தால் பித்தளைக் குழாயைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள், இளகும். பிறகு நன்றாகக் காய்ந்த நைசான மணலை நிரப்பி இரு முனையும் அடைத்து வளைத்தால் மடிப்பு விழாது. ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி அடைப்பு தெறிக்கும், கவனம். ஆனால் பித்தளை அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும், ஒவ்வொரு முறை பறந்த பிறகும் வளைவின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

மாட்டிய பிறகு ஒருமுறை ஓட்டிச் சூடு இருக்கும்போதே நட்டை மறுபடி இறுக்குங்கள். ஆறிய பிறகு இறுக்கினது சூட்டில் தளரும்.

சிறகன்

மிச்சம் வந்துவிட்டது! இரண்டு முறை சூடாக்கினேன், மூன்றாவது முறை ஒரு ‘டிக்’ சத்தம், அப்புறம் கையாலேயே சுழன்றது. மரை சேதமில்லை. அளவு எழுதி வைத்துவிட்டேன், தேடுகிறேன்.

40 விஷயத்திலும் நல்ல செய்தி. ஊசிவால்வு ஐயா சொன்னபடி செத்த எஞ்சின்களைத் தேடினேன். கிராங்க் உடைந்த ஒன்றில் 40 மி.மீ. மையத்தூரம் உள்ள சைலன்சர் வந்திருக்கிறது. ஆனால் முழுக்கக் கரி, தார் மாதிரி பிடித்திருக்கிறது. பெட்ரோல், தின்னர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. காஸ்டிக் சோடா போடலாமா?

ஊசிவால்வு

வேண்டாம், வேண்டவே வேண்டாம்! காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும். அடுப்பு சுத்தம் செய்யும் திரவங்களிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

அது எரிந்து படிந்த விளக்கெண்ணெய். மெத்தனாலோடு சேர்த்து ஊற்றிய எண்ணெய் சூட்டில் அரக்காகிவிடும். காரின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், அதிலும் எத்திலீன் கிளைக்கால் உள்ளது, அதைத் தண்ணீர் கலக்காமல் ஒரு பாத்திரத்தில் ஊற்றி சைலன்சரை முக்கி, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வையுங்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தப் பாத்திரம் இனி ஒருபோதும் சமையலுக்கு வரக்கூடாது. அந்தத் திரவம் விஷம், இனிப்பாக இருப்பதால் நாயோ பூனையோ குழந்தையோ நக்கிவிடும் அபாயம் உண்டு, மூடி வையுங்கள். ரப்பர் வளையம் ஏதாவது இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். எடுத்ததும் பித்தளைக் கம்பி பிரஷ். எஃகு பிரஷ் கீறும்.

சிறகன்

செய்துவிட்டேன் ஐயா. ஐந்து மணி நேரம். திரவம் காபி நிறமாகிவிட்டது, கரி தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியிலிருந்து வெள்ளி மாதிரி அலுமினியம். வார்ப்பில் இருந்த எழுத்துகூடத் தெரிகிறது.

துளையை ஊசி அரத்தால் பக்கத்துக்கு 0.4 மி.மீ. நீட்டினேன். உட்கார்ந்தது. ஆனால் முதல் ஓட்டத்திலேயே ஒரு பக்கம் மட்டும் கறுப்பு எண்ணெய் வழிந்து எஞ்சின் மேடை முழுக்க நனைந்துவிட்டது.

லேத் பட்டறை

ஒரு பக்கம் மட்டும் என்றால் முகப்பு தட்டையாக இல்லை. தடித்த கண்ணாடியின் மேல் நைசான எமரி தாளை விரித்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, சைலன்சரின் முகத்தை 8 என்ற எண் வடிவில் தேயுங்கள். சாம்பல் நிறம் முகம் முழுக்கச் சீராக வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் தேய்க்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் கசிந்தால் அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசை, ஒரு மெல்லிய பூச்சு போதும். பூசும் முன் இரு முகத்தையும் அசிட்டோனால் துடைக்க வேண்டும், எண்ணெய் இருந்தால் ஒட்டாது. அதிகம் பூசினால் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, வால் துளையை அடைக்கும். நடுத்திருகில் நைலான் பூட்டு நட் போடாதீர்கள், சூட்டில் நைலான் உருகிவிடும். முழு உலோகப் பூட்டு நட் போடுங்கள். பறக்கும்போது பின்பாதி கழன்று விழுந்த சைலன்சர்கள் எத்தனையோ.

கன்ட்ரோல்லைன்

டாங்க் அழுத்தக் குழாய் இணைத்தீர்களா? சைலன்சரில் உள்ள சின்ன நிப்பிளிலிருந்து டாங்குக்கு ஒரு குழாய் போக வேண்டும். புகையின் அழுத்தம் எரிபொருளைத் தள்ளும். பெரியப்பா காலத்தில் சைலன்சர் இல்லாமல் வைத்த ஊசி அளவு, அதாவது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வின் திறப்பு, இப்போது ஒத்துவராது. ஊசியை நன்றாகத் திறந்து, புகை நிறைய வரும்படி தொடங்கி, கால் திருப்பாக மூடி வாருங்கள்.

சிறகன்

நிப்பிள் இருந்தது, ஆனால் கரியால் அடைந்திருந்தது. கிடார் கம்பியைச் சூடாக்கிக் குத்தித் திறந்தேன். முகப்பையும் கண்ணாடி மேல் தேய்த்தேன். பசை தேவைப்படவில்லை.

இன்று காலை மூன்றாவது சுற்றில் பிடித்தது. ஊசி இரண்டரைத் திருப்பு திறந்து தொடங்கி, இரண்டேகாலில் நின்று நிதானமாக ஓடியது. ஒரு டாங்க் முழுக்க. நிறுத்திய பிறகு சைலன்சர் அடியில் விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அந்த விளக்கெண்ணெய்ப் புகை வாசனை வந்தபோது பெரியப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது.

அடுத்தது ஃபாக்ஸ். பட்டை வகை சைலன்சர் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. தண்ணீர் விட்டு அளந்து சொல்லச் சொன்னேன், 61 சி.சி. என்கிறார். வாங்கலாமா?

கன்ட்ரோல்லைன்

கொள்ளளவு போதும். பட்டையின் உட்சுற்று அளவையும் அகலத்தையும் கேளுங்கள், உங்கள் எஞ்சினின் உடம்பை நூல் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். பட்டையின் உள்பக்கம் பழைய தழும்போ விரிசலோ இருக்கிறதா என்று ஒரு படம். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சிறகன்

கேட்டுவிட்டேன். படம் வந்ததும் இங்கே போடுகிறேன்.